வானிலே தங்கிவிட்ட தம்பி

கோமாரிக் கடற்கரையில் அந்தி சாய்ந்தபின் அண்ணாந்து பார்ப்போருக்கு, விண்மீன்களினூடே நகரும் ஒளிப்புள்ளி புதுமையன்று. அது செய்மதியென்று பள்ளிச் சிறுவனும் சொல்வான். கண்ணுக்குப் புலப்படாமலே அவ்வானைக் கடக்கும் சிறு பெட்டியொன்றைப் பற்றி இன்று நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

2011 ஒக்டோபர் 12ஆந் திகதி ஸ்ரீஹரிகோட்டாவில் எழுந்த ரொக்கெட்டொன்றில், மேகா-டிரோபிக்ஸ் என்னும் வானிலைச் செய்மதியும், சென்னை எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர் ஆக்கிய எஸ்.ஆர்.எம்.சாட்டும் ஒருங்கே ஏறின. அண்ணன் ஏறத்தாழ 1,000 கிலோ. தம்பி 11 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இரண்டும் சுமார் 867 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றலாயின. அங்கே காற்று மிக அரிதாகையால், தாமாக வீழ்வதற்கு நூறாண்டுக்கு மேலாகும்.

பணி முடிந்த அண்ணன், எஞ்சிய 120 கிலோ எரிபொருளைக் கொண்டு இறக்கப்பட்டு, 2023 மார்ச் 7இல் பசுபிக் சமுத்திரத்தின் மேலே எரிந்தழிந்தது. தம்பியிடமோ எஞ்சினுமில்லை, எரிபொருளுமில்லை. விநாடிக்கு 7 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும் அப்பெட்டி வேறொரு செய்மதியில் மோதுமாயின், இரண்டும் சிதறி நூற்றுக்கணக்கான துணுக்குகளாகும்.

இத்தகைய ஏழைச் செய்மதிகளுக்கு விஞ்ஞானிகள் கண்ட வழி ஒரு கம்பியே. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்ததும் மிதிப்பது கனக்கின்றதல்லவா? (எமது பழைய வண்டி நின்றே விடும், அது வேறு கதை.) செய்மதியிலிருந்து நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமான உலோகக் கம்பியைத் தொங்கவிட்டால், அது பூமியின் காந்தப்புலத்தை வெட்டி விரைகையில் மின்னோட்டம் பிறக்கும், அவ்வெளியில் மிதக்கும் இலத்திரன்கள் மின்சுற்றைப் பூர்த்தி செய்யும். அம்மின்னோட்டத்தின்மீது காந்தப்புலம் செலுத்தும் விசை ஓட்டத்துக்கு எதிராக இழுக்கும். வேகம் குன்றக் குன்றச் செய்மதி தாழ்ந்து, காற்றுச் செறிந்த படைக்குள் எரிந்துபோம். காந்தப்புலம் தென்வடலாகப் படர்வதால், கிழக்கு நோக்கி ஓடும் நிலநடுக்கோட்டுப் பாதைகளிலேயே இவ்விசை வலிது.

சொல்வது எளிது. 1996 பெப்ரவரியில் கொலம்பியா விண்ணோடம் விட்ட கம்பி 19 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, சுமார் 3,500 வோல்ற்று மின்னழுத்தம் காட்டியது. பின்னர் காப்புறை பழுதான இடத்தில் மின்பொறி பாய்ந்து அறுந்தது. 2017இல் ஜப்பானியரின் 700 மீற்றர்க் கம்பியோ வெளிவரவேயில்லை. தூண்டில் நூல் சிக்கினால் கரையிலிருந்து சிக்கெடுக்கலாம். அங்கே எடுப்பார் யார்? அறுந்த கம்பியும் குப்பைதானே என்னும் அச்சமும் உண்டு. ஆயினும், எஞ்சினற்ற சிறு செய்மதிகளுக்கு இம்முயற்சியைக் கைவிடலாகாதென்பதே எம் கருத்து.

எஸ்.ஆர்.எம்.சாட்டுக்கு இனிக் கம்பி கட்டுவாரில்லை. 102 நிமிடத்துக்கொருமுறை அது பூமியைச் சுற்றுகின்றது. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு இருமருங்கும் 20 பாகைக்குள் அடங்குவதால், 7 பாகையிலுள்ள கோமாரியின் வானமும் அதன் வழிதான். இதைப் படிக்கும் மாணவர் பேரப்பிள்ளை கண்டபின்னும் அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.