அப்பா கையில் இருப்பது என்ன?

"குழந்தைக்குச் செல்போன் கொடுக்காதே!" தாம்பரம், ஆவடி போன்ற புறநகர்களில் பல அப்பாக்கள் மனைவியிடம் அடிக்கடி சொல்லும் பேச்சு இது.

நல்ல பேச்சுதான். 2 முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகள் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்காரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியது.

ஆனால், அப்பா கையில் இருப்பது என்ன? அதே செல்போன்! மின்சார ரெயிலில் ஏறியதும் பங்கு விலை. வீடு திரும்பியதும், "நாளை எது ஏறும்?" என்ற வீடியோ. மகன் கணக்கு நோட்டுடன் வந்து நிற்கிறான். "அப்புறம் வா" என்கிறார்.

குழந்தை காதால் கேட்டதைவிடக் கண்ணால் கண்டதையே கற்கும்.

சரி, லாபமாவது உண்டா? நல்ல பங்கை வாங்கிப் பல ஆண்டு வைத்திருப்பது சேமிப்பு. விலை ஏறுமா, இறங்குமா என்று பந்தயம்போல் ஆடும் 'பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்' வேறு. 2021-22 முதல் 3 ஆண்டுகளில் அதில் இறங்கிய தனி நபர்களில் 100-க்கு 93 பேர் பணம் இழந்தனர். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-ல் வெளியிட்ட கணக்கு இது.

புத்தி சொல்லும் அப்பா, முதலில் தம் செல்போனைக் கீழே வைக்கட்டும். மகனின் நோட்டைப் பார்க்கட்டும். அந்தக் கணக்கில் நஷ்டமே கிடையாது!