நாடி தெரியாவிட்டாலும் உயிர் உண்டு

மணிக்கட்டைப் பிடித்து உயிரை அறிவது நம் பழக்கம். இதயத்தின் இடக் கீழறையில் பம்பு பொருத்தியவரிடம் அது பெரும்பாலும் பலிக்காது. இதயம் விட்டு விட்டு அடிக்கும். பம்போ கீழறைக் குருதியை இழுத்துப் பெருநாடிக்குள் இடைவிடாமல் தள்ளும். சோர்ந்துகிடந்த சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் மீண்டும் குருதி போய்ச் சேர்கிறது. ஆனால் நாடி கைக்குத் தட்டுப்படாமல் போகலாம். வழமையான அழுத்தமானியும் தடுமாறும், டொப்ளர் கருவி வேண்டும். ஹார்ட்மேட் 3 என்ற பம்பு இரண்டு செக்கனுக்கு ஒருமுறை வேகத்தை மாற்றிச் சிறு துடிப்பை உண்டாக்குகிறது. அதுவும் விரலுக்கு எட்டுவது அரிது. இன்னொரு விலையும் உண்டு: பம்புச் சுழற்சியின் விசை, குருதி உறையத் தேவையான வொன் வில்லிபிராண்ட் புரதத்தைச் சிதைக்கிறது. உறையாமலிருக்க வார்பரினும் எடுப்பதால் குடலில் கசிவு வரக்கூடும்.

இந்தச் சத்திரசிகிச்சை சென்னையில் நடக்கிறது, கனடாவில் நடக்கிறது. அங்கிருந்து ஊருக்கு வருபவர் வயிற்றிலிருந்து வெளிவரும் கம்பியோடும் மின்கலங்களோடும்தான் வருவார். கீரிமலைக் கேணியில் அவர் இறங்க முடியாது. 2022இல் இலங்கையில் நாம் பட்டது போன்ற மின்வெட்டு அவருக்கு உயிராபத்து. 1990 இலக்க அம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் பருத்தித்துறை முதல் ஊர்காவற்றுறை வரையான வைத்தியசாலைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்: நாடி இல்லையென்று கைவிடாதீர்கள், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பம்பின் இரைச்சலைக் கேளுங்கள்.