சுவரில் ஒரு மயில்

மும்பையில் ஓவியம் பயிலும் மாணவி ஒருத்தி, கோடை விடுமுறை முழுவதும் தோழியருடன் நகரைச் சுற்றி வரைந்தாள். வெயிலில் வீணே அலைவதாக வீட்டார் வருந்தினர். அவ்வருத்தம் பொருத்தமற்றது.

சத்ரபதி சிவாஜி மகாராஜ் தொடர்வண்டி நிலையத்தை நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் கடக்கின்றனர். நிமிர்ந்து நோக்குவோர் சிலரே. 1888இல் கட்டி முடிக்கப்பெற்ற அந்நிலையத்தின் அலங்காரச் சிற்பங்களில் பல, 1857இல் தொடங்கப்பெற்ற சர் ஜே. ஜே. கலைப் பள்ளி மாணவர்களின் கைவண்ணம். வாயில் தூண்களின்மேல் ஒருபுறம் சிங்கம், மறுபுறம் புலி. சுவரிலோ தோகை விரித்த மயில். அம்மயிலை வரைய அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. கைப்பேசியில் படமெடுத்த தோழிக்கு இரண்டு நொடி போதுமாயிருந்தது. மயிலின் கழுத்து எப்பக்கம் திரும்பியிருந்தது என மாலையில் கேட்டபோது, வரைந்தவள் உடனே விடை கூறினாள். மற்றவள் கைப்பேசியைத் தேடினாள்! கல்லைச் செதுக்கிய அன்றைய மாணவரும் வகுப்பறைக்குள் மட்டும் கற்றவரல்லர். வீதியில் நின்று பழகாத கண், பாடநூற் படத்தையே மீண்டும் மீண்டும் வரையும்.

தாராவியிலிருந்து வந்த தோழி, ஆண்டுதோறும் நாகர்கோவில் வண்டி ஏறியது அந்நிலையத்தில்தான். மயிலை அவள் அன்றுதான் முதன்முறையாகக் கண்டாள்.