யாருடைய ஆண்டு?

சென்ற வாரம் சாத்தான்குளத்தில் அண்டை வீட்டுப் பெரியவர் பழைய கிரயப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். கல்லூரியில் வாசிக்கும் பேரன் அதன் முதல் வரியைக் கண்டு, "1085-ம் வருஷமா! தாத்தா, நம் மனை குலோத்துங்க சோழன் காலத்துச் சொத்தா?" என்று கேட்டானாம். "ஸார், என் பாட்டனார் வாங்கிய இடம். இவன் சோழனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்!" என்று முறையிட்டார் பெரியவர்.

பையன்மேல் குற்றமில்லை. பத்திரத்தில் கண்டது கொல்லம் ஆண்டு. கி.பி. 825-ல் தொடங்கிய அக்கணக்குக்கு நம் திருநெல்வேலிச் சீமையில் ஆவணி முதல் தேதியே வருஷப் பிறப்பு. அன்று முதல் டிசம்பர் முடிய 824-ம், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ம் கூட்டிக்கொள்ள வேண்டும். பத்திரத்தின் மாதம் தை, ஆகவே 1910. பக்கத்திலேயே சௌமிய வருஷம் என்றும் எழுதியிருந்தது. அது மாத்திரம் இருந்திருந்தால் சங்கடந்தான். 1909-ல் பிறந்த சௌமிய 1969-லும் பிறந்ததல்லவா?

குலோத்துங்கனுக்கு முன் பட்டத்திலிருந்தவன் அதிராஜேந்திரன். தந்தை வீரராஜேந்திரன் 1070-ல் மறைந்தபின் அவன் தனித்து ஆண்டது சில மாதங்களே. இளவரசுப் பட்டத்திலிருந்து எண்ணியும் அவன் பெயரால் வழங்கிய ஆண்டுக் கணக்கு மூன்றோடு முடிந்துவிட்டது. ஜப்பானிலோ 1868 வரை சக்கரவர்த்தியின் சபை சகாப்தத்துக்குப் பெயர் சூட்டி வந்தது; பஞ்சமோ பூகம்பமோ வந்தால் பெயரை மாற்றியது. 1238-ன் இறுதியில் பிறந்த ரியாகுநின் சகாப்தம் 1239-ன் தொடக்கத்திலேயே மாண்டது. ஆயுள் மூன்று மாதங்கூட இல்லை!

இத்தகைய கணக்குகளைப் பிற்காலத்தார் எவ்வாறு அறிவது? நம் திருச்செந்தூர்க் கோயிலுக்கு 1400 காசு அளித்த வரகுண பாண்டியனின் சாஸனத்தில் அவனுடைய ஆட்சியாண்டே உண்டு. பழனியை அடுத்த ஐவர்மலையில், சக வருஷம் 792 அவனது 8-ம் ஆண்டு என்று எவரோ இரண்டையும் சேர்த்துக் கல்லில் பொறித்தனர். அந்த ஒரு வரியின் புண்ணியத்தால் அவன் 862-ஐ ஒட்டிப் பட்டமேறினான் என்று சரித்திரக்காரர் கணிக்கின்றனர்.

அரசன் மறைந்தால் அவன் ஆண்டும் மறைகிறது. ஜனங்கள் கைக்கொண்ட கொல்லம் ஆண்டோ பல அரசுகளைக் கண்டும் நிலைத்தது. ஆயினும் அதுவும் வாசிக்கத் தெரிந்தவர் உள்ளவரையில்தான். நம் கண்முன்னே ஒரு தலைமுறை அதை மறந்துவிட்டது. நாளை எல்லைத் தகராறு ஒன்று வந்தால், எந்தப் பத்திரம் முந்தியது என்று அப்பேரன் எப்படிச் சொல்வான்?

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய ஏடுகள் இருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே அவற்றை எடுத்து, இரண்டு வருஷங்களையும் ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். ஐவர்மலையில் அந்த முகமறியாதவர் செய்த உபகாரம் அதுவே. பையன் அன்றே எழுதி வைத்துவிட்டான். பெரியவரும் சோழனிடமிருந்து மனையை மீட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.