கூளையன் ஏன் குறுகினான்?

தேவாரத்தில் பொழுது புலரும் முன்பே ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. அவர்களுடைய பிள்ளை வகுப்பில் கடைசி பெஞ்சில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தால், "பையனுக்குத் தாழ்வு மனப்பான்மை" என்று சொல்லிவிடுகிறோம். அது சரிதானா?

பெருமாள்முருகனின் "கூளமாதாரி" (2000) நாவலைப் படித்துப் பாருங்கள். கொங்கு நாட்டில், கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் தாழ்த்தப்பட்ட குலச் சிறுவன் கூளையன். கூளை என்றால் குட்டை. பெயரே தலையில் குட்டுகிறது!

ஆனால் மேய்ச்சல் காட்டில் அவன் ராஜா. ஒவ்வோர் ஆட்டின் குணமும் அவனுக்கு அத்துபடி. பண்ணைக்காரர் மகன் செல்வன் அங்கே அவனுக்குக் கூட்டாளி. வீட்டு வாசலுக்கு வந்ததும் கூட்டாளி எஜமானாகிறான்; கூளையன் குறுகிப்போகிறான்.

தாழ்வுணர்ச்சி எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு, அதை வெல்லும் முயற்சியே வளர்ச்சி என்றார் வியன்னா மனோதத்துவ நிபுணர் ஆல்பிரட் அட்லர் (1870-1937). உண்மைதான். ஆனால் வெல்வதற்கு வழி வேண்டாமா? காட்டில் இல்லாத நோய் வாசலில் வருகிறதென்றால், கோளாறு பையனிடம் இல்லை, வாசலில் இருக்கிறது.

கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஏளனப் பார்வையை எந்தச் சட்டம் தடுக்கும்? அது நம் வேலை. கடைசி பெஞ்சுப் பையனை "தைரியமாகப் பேசு" என்று அதட்டாதீர்கள். பட்டப்பெயரை விட்டு, சொந்தப் பெயர் சொல்லி முன்னால் அழையுங்கள். அவனுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். ஏலக்காய் பறிக்கும் பக்குவம் அவனுக்குத் தெரிந்திருக்கும். நமக்குத் தெரியுமா?