கும்மிடிப்பூண்டியும் பனாமாவும் – ஒரு கால்பந்துப் புலம்பல்

தலைப்பைப் பார்த்துட்டு பின்னூட்டத்துல கும்மி அடிக்கலாம்னு வந்தவங்க கொஞ்சம் பொறுங்க. இது சீரியஸ் பதிவு :-)

2025 நவம்பர் 18 அன்னைக்கு டாக்காவில் நம்ம இந்திய அணி வங்கதேசத்துக்கிட்ட 1-0ன்னு தோத்துச்சு. அவங்ககிட்ட 22 வருஷம் கழிச்சு வந்த தோல்வி. அதுக்கு முந்தின மாசமே கோவாவில் சிங்கப்பூர்கிட்ட 2-1ன்னு தோத்து, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் கைவிட்டுப் போயிருந்துச்சு. மறுநாள் சிப்காட் டீக்கடையில் நம்மாளு ஒருத்தர் கேட்டார், "ஏம்ப்பா, 140 கோடி பேர்ல பந்து உதைக்க 11 பேர் கிடைக்கலையா?"

எனக்கு இந்த வசனத்தைக் கேட்டாலே கடுப்பு. 2011 கணக்கெடுப்புப்படி நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல மட்டும் 37 லட்சம் பேர். பனாமா நாடு முழுக்க சேர்த்தாலே சுமார் 45 லட்சம்தான். அந்த பனாமா 2018 உலகக் கோப்பைக்குப் போச்சு. மூணு மேட்சும் தோல்வி. இங்கிலாந்துகிட்ட 6-1. ஆனா 6-0ன்னு பின்னாடி இருந்தப்போ பலாய் அடிச்சாரே ஒரு கோல், அவங்க நாட்டோட முதல் உலகக் கோப்பை கோல், அதுக்கு ரசிகர்கள் கோப்பையே ஜெயிச்ச மாதிரி கொண்டாடினாங்க. 2026 உலகக் கோப்பைக்கும் தகுதி வாங்கினாங்க. நாமளோ 2024 ஜனவரியில் கத்தார்ல நடந்த ஆசியக் கோப்பையில் மூணு மேட்ச் ஆடி மூணுலயும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை.

ஆக, தலையை எண்ணி பிரயோஜனம் இல்லை. எத்தனை பேர் தொடர்ந்து மேட்ச் ஆடுறாங்கங்கறதுதான் கணக்கு.

"எல்லாத்தையும் கிரிக்கெட் தின்னுடுச்சு"ன்னு சொல்வீங்க. பாதி உண்மை. மீதியை ஃபாக்டரி கேட்டுல தேடணும்ங்கறது என் கட்சி.

1951லயும் 1962லயும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ல நாலாவது இடம். அந்தக் காலத்துப் பயிற்சியாளர் ரஹீம், ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை வளர்த்தவர். பி.கே.பானர்ஜி ஈஸ்டர்ன் ரயில்வே ஆட்டக்காரர். பின்னாடி பார்த்தா பக்வாராவின் ஜே.சி.டி., ஒரு துணி மில்லோட டீம். 1996-97ல் நடந்த முதல் தேசிய லீக்கை ஜெயிச்சதே அவங்கதான். பாய்ச்சுங் பூட்டியா அதுல ஆடினார், பிறகு சுனில் சேத்ரியும் ஆடினார். நம்ம சென்னையில ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க் டீம்கள். வேலை நிரந்தரம், சாயங்காலம் பந்து. முட்டி உடைஞ்சாலும் சோத்துக்குப் பிரச்சனை இல்லை. அதை நம்பித்தான் ஏழை வீட்டுப் பையன் பந்தைத் தொட்டான்.

2010ல் மஹிந்திரா யுனைடெட், 2011ல் ஜே.சி.டி. ரெண்டையும் இழுத்து மூடினாங்க. அப்புறம் ஐ.எஸ்.எல். வந்துச்சு. நானும் சென்னையின் ஜெயிச்சப்போ கத்தினவன்தான், மறுக்கலை. ஆனா ஒரு வணிக ஒப்பந்தம் முடியப் போகுதுன்னதும் 2025ல் அந்த லீக் சீசனே தொடங்க முடியாம நின்னுடுச்சு. அஸ்திவாரம் ஒரே தூண்ல நின்னா அப்படித்தான்.

வெளிநாட்டுக் கதையும் இதேதான். ஜெர்மனியில் பேயர் லெவர்குசன் மருந்துக் கம்பெனித் தொழிலாளர்கள் ஆரம்பிச்சது. நெதர்லாந்தின் பி.எஸ்.வி. பிலிப்ஸ் கம்பெனி டீம். அவங்க மூடலை, வளர்த்தாங்க.

நிற்க. நம்ம ஏரியாவுக்கு வருவோம்.

ஞாயித்துக்கிழமை காலையில் சிப்காட் பக்கம் காலி மனையில் அஸ்ஸாம், ஜார்க்கண்ட் பசங்க செங்கல்லை கோல்போஸ்ட்டா வச்சு ஆடுவாங்க. பாதிப் பேருக்கு ஷூ கிடையாது. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு தூங்காம வந்து ஆடுற ஒரு தம்பி, இடது கால்ல பந்தை வச்சுக்கிட்டு நாலு பேரைத் தாண்டுவான். ஒரு நாள் அரைகுறைத் தமிழ்ல கேட்டான், "அண்ணா, கம்பெனி டீம் இருக்கா?"

என்ன சொல்ல? ஆயுத பூஜைக்கு டென்னிஸ் பால் கிரிக்கெட் நடத்துவாங்கன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டான். போன மாசம் அந்த மனைக்கும் முள்வேலி போட்டுட்டாங்க. மனை அவங்களோடது, தப்பு சொல்ல முடியாது. பசங்க இப்போ ரூம்ல செல்போன் நோண்டிக்கிட்டு இருக்காங்க.

கான்ட்ராக்ட் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இதுல டீம் எங்கே நடத்தறதுன்னு ஹெச்.ஆர். நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பெருசா ஒண்ணும் கேட்கலை சார். ஒரு மைதானம், எட்டு கம்பெனி, ஞாயித்துக்கிழமை லீக். இந்தியா உடனே உலகக் கோப்பைக்குப் போயிடாது. ஆனா அந்த இடது கால் தம்பிக்கு வருஷத்துக்கு பதினாலு மேட்ச் கிடைக்கும். அது இல்லாம டாக்காவுல தோத்தவங்களைத் திட்ட நமக்கு என்ன உரிமை இருக்கு?

டிஸ்கி: இந்தப் புலம்பல் ஆண்கள் அணிக்கு மட்டும். நம்ம பொண்ணுங்க 2025 ஜூலையில் தாய்லாந்தை அவங்க ஊர்லயே 2-1ன்னு ஜெயிச்சு 2026 ஆசியக் கோப்பைக்கு தகுதி வாங்கினாங்க. டீக்கடையில அதைப் பத்தி ஒருத்தரும் பேசலை!