பழைய தழும்பும் வாராக்கடனும்

நாயுடுபேட்டைக்கு மாற்றலாகி வந்த பிறகு ஒண்ணு கவனிச்சேன். ஊரை விட்டு வந்த நம்மாளுங்க பல்வலின்னா அன்னிக்கே டாக்டரைப் பார்க்கறாங்க. சட்டைக்குள்ள ஒரு பழைய தழும்பு வருஷக்கணக்கா அரிச்சா மட்டும், "ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்". அதுவரைக்கும் மருந்துக்கடை டியூப். என்னைக் கேட்டா ரெண்டுமே தப்பு.

நான் பி.காம்., வைத்தியன் இல்லை. ஆனா விசாரிச்சதுல தெரிஞ்சது, எல்லா அரிப்பும் ஒண்ணு இல்லை. தீக்காயத் தழும்புல எண்ணெய்ச் சுரப்பிகள் அழிஞ்சிருக்கும்; தோல் காய்ஞ்சு அரிக்கும். அதுக்கு மாய்ஸ்சரைசரே பெரிய உதவி. காயத்தோட எல்லையைத் தாண்டித் தடிச்சு வளர்ந்தா அது கீலாய்டு. இடது தோள்ல பி.சி.ஜி. குத்தின இடம், நெஞ்சு, காது மடல் இங்கெல்லாம் வரும். நம்ம மாதிரி கருத்த தோலுக்கு அதிகம். அதுக்குத் தழும்புக்குள்ளயே ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கான் ஒட்டு எல்லாம் இருக்கு. வெறுமனே வெட்டி எடுத்தா மறுபடி வளர்றதுதான் அதிகம்.

மூணாவது அபூர்வம், ஆனா ஆபத்து. பல வருஷத் தீக்காயத் தழும்புல ஆறாத புண் வந்தா புற்றுநோயா இருக்கலாம். மார்ஜோலின் புண்ணுன்னு பேரு. சின்னத் துண்டு எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும்.

இது மூணுக்கும் ஒரே டியூப் எப்படிங்க சரியாகும்? பலதுல குளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு இருக்கு. கண்டபடி தடவினா தோல் மெலியும். படர்தாமரையா இருந்தா மறைஞ்சு பரவும். 2018-ல பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு அரசே சொல்லிடுச்சு. நாமதான் இன்னும் பேர் சொல்லிக் கேக்கறோம்.

பாஷை தெரியாதேன்னு தயங்க வேண்டாம். தெலுங்குல அரிப்பு 'துரத', தழும்பு 'மச்ச' (நம்ம மச்சம் இல்லீங்க!). "பாத மச்ச துரத பெடுதோந்தி"ன்னா போதும், டாக்டருக்குப் புரியும். காளஹஸ்தி வழியா பஸ் ஏறினா திருப்பதி. அங்க ருயா அரசு மருத்துவமனையிலயே தோல் பிரிவு இருக்கு.

2004-லேர்ந்து எங்க வங்கியில தவணை 90 நாள் தாண்டினா வாராக்கடன். எவ்வளவு வேண்டியவங்க கணக்கா இருந்தாலும் சரி. அரிப்புக்கும் அப்படி ஒரு கெடு வைக்கலாமே? தழும்புல புண்ணோ, ரத்தமோ, புதுசா கட்டியோ வந்தா அந்தக் கெடுவும் கிடையாது. அந்த வாரமே கிளம்புங்க. தீபாவளி லீவு வரைக்கும் காத்திருக்காதீங்க.